கடலுக்கடியில் ஒரு வரப்புப் புல்

2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை கடல் பசுவுக்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடல் பசுவை அந்தக் கரையில் ஆவுளியா என்பார்கள். அது தின்பது கடற்புல். அன்றிலிருந்து இந்தப் புல்லைப் பற்றிய பேச்சு மலையேறி கொடைக்கானல் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்துவிட்டது, வந்த வழியில் நன்றாகக் குழம்பியும் விட்டது. கடற்பாசிப் படத்தைப் போட்டு அதன் கீழே கடற்புல் என்று எழுதுகிறார்கள். மழைக்காட்டைவிட 35 மடங்கு கார்பனை உறிஞ்சும் செடி என்கிறார்கள், எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. நாம் விடும் மூச்சுக்கு ஆக்சிஜனே அங்கிருந்துதான் வருகிறது என்றுகூட ஒரு செய்தி சுற்றுகிறது.

ராமேஸ்வரம் போனால்தான் கடலைப் பார்க்கிற நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். ஆனால் சரிவில் புல் என்ன வேலை செய்யும் என்பது மலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாத விஷயம். அது தெரிந்தால் போதும், மீதி எல்லாம் அதிலிருந்தே பிடிபடும்.

பாசி வேறு, இது வேறு

முதலில் பாசியை ஒதுக்கி வைப்போம். நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி ஆறவைத்து, வில்லை வில்லையாக வெட்டித் தருவார்களே கடல்பாசி, அந்த அகர் அகர் கடற்பாசியிலிருந்து எடுப்பது. பாம்பன், மண்டபம் பக்கம் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி எல்லாம் அந்த வகைதான். கடற்பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது, விதை கிடையாது. பாறையையோ கிளிஞ்சலையோ பற்றிக்கொள்ள அடியில் ஒரு பிடிப்பு இருக்கும், அவ்வளவுதான். உணவை அது மண்ணிலிருந்து எடுப்பதே இல்லை, சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து உடம்பு முழுக்க உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அதை மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, தரையையே தொடவிடாமல் வளர்க்க முடிகிறது.

கடற்புல்லை அப்படித் தொங்கவிட்டு வளர்க்க முடியாது. அது பூக்கும் செடி. வேர், தண்டு, இலை, பூ, காய், விதை எல்லாம் உண்டு. தரையில் வாழ்ந்த செடிகளின் வம்சத்தில் சில, டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே மெல்ல மெல்லக் கடலுக்குள் திரும்பிப் போயின. அவற்றின் வாரிசுகள்தான் இன்றைய கடற்புற்கள். உலகம் முழுக்கச் சேர்த்தே சுமார் 70 இனங்கள்தான் இருக்கின்றன. இந்தியாவில் பதினைந்துக்குச் சற்று முன்பின், அவற்றில் பெரும்பாலானவை பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கிடைக்கின்றன.

இதைக் கேட்டவுடன் சிலர் நெல், கோதுமை, அருகு வரிசையில் இதையும் சேர்த்துவிடுவார்கள். அதுவும் சரியில்லை. தோற்றத்தில்தான் புல், உறவுமுறையில் இல்லை. ஒளிச்சேர்க்கையைக் காட்ட பள்ளியில் ஹைட்ரில்லா செடியைத் தண்ணீருக்குள் புனலால் மூடி, குமிழி வருகிறதா பார் என்பார்கள். அந்த ஹைட்ரில்லாவின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் நம் கரையில் இருக்கும் பல கடற்புற்கள்.

வரப்பில் நிற்கும் புல்

பூம்பாறையிலோ மன்னவனூரிலோ படிப்படியாக வெட்டிய பூண்டு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி அடைமழையில், வரப்பைச் செதுக்கி வழித்துவிட்ட வயலிலிருந்து இறங்கும் தண்ணீர் செம்மண் குழம்பாக வரும். வரப்பில் புல் அடர்ந்த வயலிலிருந்து வருவது ஓரளவு தெளிந்திருக்கும். இதில் புல் இரண்டு வேலை செய்கிறது. மேலே இலை, ஓடிவரும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கிறது, வேகம் குறைந்ததும் தண்ணீர் சுமந்துவந்த மண் அங்கேயே படிந்துவிடுகிறது. கீழே வேர், படிந்த மண்ணை மறுபடி போகவிடாமல் பின்னிப் பிடித்துக்கொள்கிறது. மேலே வடிகட்டு, கீழே கட்டு.

கடற்புல் செய்வது அப்படியே இதுதான். அலையும் நீரோட்டமும் எந்நேரமும் மணலையும் சேற்றையும் கலக்கிக்கொண்டே இருக்கும். நாடா நாடாவாக நிற்கும் இலைகளுக்குள் நுழைந்ததும் தண்ணீரின் வேகம் தளர்கிறது. மிதந்து வந்த துகள்கள் கீழே இறங்குகின்றன. இப்படித் தண்ணீர் கொண்டுவந்து படியவிடும் மண்ணுக்கு வண்டல் என்று பெயர். அடுத்து வரப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த வண்டல்தான் அடிப்படை.

வண்டலைப் பிடித்து வைப்பது வேர் மட்டுமில்லை, மட்டநிலத்தண்டும்தான். மட்டநிலத்தண்டு என்றால் மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு. அருகம்புல்லைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும், ஒன்றை இழுத்தால் ஒரு முழம் தள்ளி இன்னொன்று அசையும். கடற்புல்லும் இப்படித்தான் பரவுகிறது. தண்டு ஓடிக்கொண்டே போகும், கணுவுக்குக் கணு கீழே வேரும் மேலே இலைக்கொத்தும் விடும். மேலிருந்து பார்க்கிறவருக்கு ஆயிரம் செடி, உள்ளே ஒன்றே ஒன்றாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஷார்க் விரிகுடாவில் 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கும் ஒரு கடற்புல்வெளி முழுவதும் ஒரே செடி என்று மரபணுவைச் சோதித்து 2022-ல் கண்டுபிடித்தார்கள். அதன் வயது குறைந்தது 4,500 ஆண்டுகள். இங்கே நம் மலையில் ஒரு கற்பூர மரத்தைச் சுற்றி நின்று படமெடுத்துக்கொள்கிறோம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கடற்புல் வேரும் பூவும் உள்ள செடி, பாசி அல்ல. இலை தண்ணீரின் வேகத்தைக் குறைத்து வண்டலைப் படியவைக்கிறது, வேரும் மட்டநிலத்தண்டும் அதைப் பிடித்து வைக்கின்றன.

உப்புத் தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடுகிறது?

தரையில் உள்ள செடியின் இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், காற்று போய்வருவது அவ்வழியாக. இவை இலைத்துளைகள். கடற்புல்லுக்கு இவை இல்லை. குளிர்ந்த கடல்களில் வளரும் ஜோஸ்டெரா மரினா என்ற கடற்புல்லின் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்து 2016-ல் வெளியிட்டபோது, இலைத்துளையை உண்டாக்கும் மரபணுக்களையே அது தொலைத்துவிட்டிருப்பது தெரிந்தது. தேவையில்லாத கதவை அடைத்துவிட்டு, மெல்லிய இலைத்தோல் வழியாகவே தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனை எடுத்துக்கொள்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் வேரில். கடலடிச் சேற்றைக் கொஞ்சம் கிளறினால் கறுப்பாக வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அங்கே ஆக்சிஜன் கிடையாது. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு, வேருக்கு அது விஷம். அப்படிப்பட்ட சேற்றுக்குள் இந்தச் செடி எப்படி வேர்விட்டு நிற்கிறது? இலையிலிருந்து தண்டு வழியாக வேர் வரைக்கும் உள்ளே காற்றுக்குழாய்கள் ஓடுகின்றன. பகலில் ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜனில் ஒரு பகுதி அந்தக் குழாய்களில் இறங்கி வேருக்குப் போகிறது, வேரின் நுனிகளிலிருந்து கொஞ்சம் வெளியிலும் கசிகிறது. அந்தக் கசிவு வேரைச் சுற்றி மெல்லிய உறையாக நின்று விஷத்தை அண்டவிடாமல் வைத்திருக்கிறது.

இந்த ஏற்பாடு வெளிச்சத்தை நம்பியே நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் கலங்கி நாள்கணக்கில் வெளிச்சம் குறைந்தால் இலைக்குப் பட்டினி என்பதோடு முடிவதில்லை. வேருக்கு இறங்கும் ஆக்சிஜன் நின்று, கீழே காத்துக்கொண்டிருக்கும் விஷம் உள்ளே ஏறிவிடும். வெளியே பார்த்தால் வெட்டவில்லை, பிடுங்கவில்லை, புல்வெளி மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஆழம் குறைந்த இடம் ஏன், சூடு எவ்வளவு?

தண்ணீர் வெளிச்சத்தைச் சீக்கிரம் விழுங்கிவிடும். பாசிகள் அரையிருட்டிலும் சமாளிக்கும். கடற்புல்லுக்கோ ஒளிச்சேர்க்கை செய்யாத வேரையும் தண்டையும் வைத்துக் காப்பாற்றும் செலவு இருக்கிறது, அதனால் மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் வேண்டும். பாக் விரிகுடா பெரும்பாலும் சில மீட்டர் ஆழமே உள்ள, தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் நடுவில் பெரிய அலைகள் அடங்கிய கடல். வண்டலும் வெயிலும் தாராளம். கடற்புல் அங்கே செழிப்பதில் ஆச்சரியம் இல்லை.

சூடான கடலில்தான் வளரும் என்று முடிவுகட்ட வேண்டாம். மேலே சொன்ன ஜோஸ்டெரா ஐரோப்பாவின் குளிர்ந்த கரைகளில் இருக்கிறது. வெப்பக்கடல்களில் இனங்கள் அதிகம், அதுதான் உண்மை. அங்கேயும் சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர் சுட்டால் செடியின் மூச்சு வேகம் கூடுகிறது, சேமிப்பு கரைகிறது, அதே நேரத்தில் சேற்றில் விஷமும் அதிகமாக உருவாகிறது. அதே ஷார்க் விரிகுடாவில் 2011-ன் தொடக்கத்தில் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியபோது கடற்புல்வெளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேதமானது.

பூவைப் பற்றிக் கொஞ்சம். தண்ணீருக்குள் வண்டு வராது, காற்றும் வீசாது. பெரும்பாலான கடற்புற்கள் நூல் போன்ற மகரந்தத்தை நீரோட்டத்திலேயே விட்டுவிடுகின்றன, அது பெண்பூவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஏன்ஹாலஸ் என்ற நீள இலைக்காரன் மட்டும் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறான். இது பாக் விரிகுடாவிலும் உண்டு. இதன் ஆண்பூக்கள் செடியிலிருந்து கழன்று மேலே வந்து வெள்ளைப் பொரியாக மிதக்கும். பெண்பூ நீளமான காம்போடு மேற்பரப்புக்கு எட்டிப் பார்த்து அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு காம்பு சுருண்டு, காயைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும்.

அந்த 35 மடங்குக் கதை

இப்போது கார்பனுக்கு வருவோம். அதிகம் சுற்றுவதும், அதிகம் தப்பாகச் சொல்லப்படுவதும் இதுதான்.

செடி வளரும்போது கரியமில வாயுவிலிருந்து கார்பனை எடுத்து உடம்பாக்கிக்கொள்கிறது. எல்லாச் செடியும் இதைச் செய்யும். கேள்வி, செடி செத்த பிறகு அந்தக் கார்பன் எங்கே போகிறது என்பது. தரையில் விழுந்த இலையை நுண்ணுயிர்களும் புழுபூச்சிகளும் தின்று, பெரும்பகுதியைத் திரும்பக் காற்றுக்கே அனுப்பிவிடும். இந்த வேலை வேகமாக நடக்க ஆக்சிஜன் வேண்டும். கடலடிச் சேற்றில் ஆக்சிஜன் இல்லை என்று பார்த்தோம் அல்லவா? வேரை மிரட்டும் அதே குறைதான் இங்கே லாபமாகிறது. செத்த வேரும் தண்டும் இலைத்துணுக்கும் அந்தச் சேற்றுக்குள் மிக மெதுவாகவே மக்கும், மேலே புது வண்டல் படிந்து மூடிக்கொண்டே போகும். நூற்றாண்டுகள், சில இடங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல்கூட உள்ளே தங்கிவிடும். கடற்புல், அலையாத்திக் காடு, உப்புச் சதுப்பு போன்ற கரையோர இடங்களில் இப்படித் தங்கும் கார்பனை நீலக் கார்பன் என்கிறார்கள்.

அங்கே புதைவது எல்லாம் புல்லின் சொந்தக் கார்பன் என்றும் இல்லை. இலைகள் வடிகட்டிப் படியவைக்கும் துகள்களில் வெளியிலிருந்து மிதந்து வந்ததும் கணிசமாக இருக்கும். வரப்புப் புல் மேல்வயல் மண்ணைப் பிடித்து வைப்பதுபோல, இது ஊரார் கார்பனையும் பிடித்து வைக்கிறது.

35 மடங்கு என்பது, ஒரே அளவு பரப்பில் ஓர் ஆண்டில் மண்ணுக்குள் புதைந்து தங்கும் வேகத்தைப் பற்றிய ஒப்பீடு. காடு தன் கார்பனில் பெரும்பகுதியை மரமாக மேலே நிறுத்தி வைத்திருக்கிறது, அது இந்தக் கணக்கில் வரவே இல்லை. கடற்புல்லுக்குள்ளும் இடத்துக்கு இடம், இனத்துக்கு இனம் அளவு பல மடங்கு மாறும். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் குட்டி இலை விடும் ஹாலோஃபிலாவையும், மத்தியதரைக் கடலில் மீட்டர் கணக்கில் தடித்த அடுக்குகளைக் கட்டும் பொசிடோனியாவையும் ஒரே எண்ணில் அடைக்க முடியாது. மொத்தப் பரப்பையும் பாருங்கள். உலகில் கடற்புல்வெளி சுமார் 3 லட்சம் சதுர கிலோமீட்டர். காடு சுமார் 4 கோடி சதுர கிலோமீட்டர். கடற்புல் இருக்கிறதே என்று காட்டை வெட்டிச் சமாதானம் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், அது எவ்வளவு வேகமாகச் சேர்க்கிறது என்பதைவிட ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பது வெளியே வராமல் இருப்பதுதான் முக்கியம். ஷார்க் விரிகுடாவில் புல் செத்த பிறகு பிடிப்பில்லாமல் போன வண்டல் கலைந்து, மூன்று ஆண்டுகளில் 20 லட்சம் டன்னிலிருந்து 90 லட்சம் டன் வரை கரியமில வாயு வெளியேறியிருக்கலாம் என்று 2018-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சேர்க்க ஆயிரம் ஆண்டு, கரைக்க மூன்று ஆண்டு. புல்வெளியைச் ‘சும்மா கிடக்கிற இடம்’ என்று நினைத்து சீகையும் பைனும் நட்டுத் தள்ளிய மலையில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அந்த ஆக்சிஜன் செய்தியையும் முடித்துவிடுவோம். உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி கடலிலிருந்து வருகிறது, ஆனால் அதில் மிகப்பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாத மிதவை நுண்ணுயிர்களுடையது. கடற்புல்லின் பங்கு மிகச் சிறியது.

யாருக்கு வீடு, யாருக்குச் சோறு

கார்பன் பேச்சில் மறந்துபோவது இது. ஆவுளியா ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ கடற்புல் தின்னும். இலையை மட்டும் கடிக்காமல் தண்டோடு பறித்துத் தின்பதால், அது மேய்ந்த தடம் கடலடியில் வழித்த கோடாகத் தெரியும். பெயரில்தான் பசு, இன்று தரையில் வாழும் பெரிய விலங்குகளில் அதற்கு நெருங்கிய சொந்தம் யானை. தாண்டிக்குடிப் பக்கம் தோட்டத்துக்குள் வருகிறதே, அதே யானைதான். பேராமையும் இந்தப் புல்லைத்தான் மேய்கிறது.

தீனிக்கு மட்டுமில்லை, வீடாகவும் இது வேண்டும். ஓரா மீன், நீலக்கால் நண்டு, இறால், கடல் குதிரை என்று பல உயிர்கள் இந்த இலைகளுக்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. குஞ்சுப் பருவத்தை இங்கே கழித்துவிட்டு, வளர்ந்து ஆழக்கடலுக்கோ பவளத்திட்டுக்கோ போகும் மீன்கள் பல. நாட்டுப்படகுக்காரர்களின் பிடிப்பில் எவ்வளவு இந்தப் புல்லுக்குள் பிறந்து வளர்ந்தது என்பதைக் கரையில் நின்று பார்த்தால் தெரியாது.

எது அழிக்கிறது?

கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை மடி வலை. ஆழமில்லாத இடத்தில் நங்கூரமும் படகின் விசிறியும். கழிவுநீரும் உரமும் கலந்தால் தண்ணீரில் பாசி பெருகி, வெளிச்சத்தை மறைத்து, இலையின் மேலேயும் படர்ந்து மூடும். மடியும் நங்கூரமும் விசிறியும் புல்லைப் பெயர்க்கின்றன, கழிவும் உரமும் மேலே பார்த்தபடி வெளிச்சத்தை மறைத்து வெட்டாமலே கொல்கின்றன.

மலைச்சரிவில் அரித்த மண்ணும் கடலைக் கலக்கத்தானே செய்யும் என்று கேட்கலாம். பொதுவாகச் செய்யும். ஆனால் ‘கொடைக்கானல் மண் கடற்புல்லைக் கொல்கிறது’ என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழனி மலையின் தெற்குச் சரிவில் வராக நதியும் மஞ்சளாறும் இறங்கி வைகையில் சேர்கின்றன, வைகை ராமநாதபுரம் பக்கம் ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் விரிகுடாவைத் தொடுகிறது, அது உண்மை. நடுவில் எத்தனை அணை, எத்தனை கண்மாய் என்று பாருங்கள். தண்ணீரே கடலைத் தொடாத ஆண்டுகள் உண்டு. நம் சரிவு மண்ணைக் காப்பாற்ற நம் சரிவே போதுமான காரணம், அதற்குக் கடலைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

திரும்ப நடலாமா என்றால், நடுகிறார்கள். பாக் விரிகுடாவில் மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதில் மட்டநிலத்தண்டுத் துண்டுகளை முடிந்து கடலடியில் பதிக்கிறார்கள். நாரும் மூங்கிலும் மக்கிப்போகும் முன் வேர் பிடித்துவிட வேண்டும். எது அந்த இடத்தில் புல்லை அழித்ததோ அது நிற்காத இடத்தில் நட்டால் நட்டதும் போகும்.

ராமேஸ்வரம், தொண்டி, மல்லிப்பட்டினம் பக்கம் போனால் கரையில் பழுப்பு நாடாக்கள் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நீளவாக்கில் கோடு கோடாக நரம்பு ஓடினால் பெரும்பாலும் கடற்புல். குவியல் முழுக்க வெறும் இலையாக இருந்தால் கவலைப்பட ஏதுமில்லை, வயதான இலையை அது உதிர்த்துக்கொண்டேதான் இருக்கும். வேரும் கணுவும் உள்ள தண்டுகள் பச்சையாக, கற்றை கற்றையாக ஒதுங்கிக் கிடந்தால் புயலோ மடியோ உள்ளே எங்கோ புல்வெளியைப் பெயர்த்திருக்கிறது.